கதவுக்குப் பக்கவாட்டில்

கதவுக்கு நேரே நிற்காதே.
சேர்ந்த முதல் வாரமே சொல்லிவிட்டார்கள்.
வாசல் ஒரு புனல்,
உள்ளிருந்து வருவதெல்லாம் அதன் வாய்வழிதான் வரும்.
நிலைச்சட்டத்துக்கு வெளியே நில்.
கையை மட்டும் நீட்டித் தட்டு.
மரம் மறைக்கும், காக்காது.
கார்க்கதவும் அப்படித்தான், தகரம்.
எஞ்சின் ஒன்றுதான் இரும்பு.
தூரம் என்றால் நேரம்.

அந்த நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று
யாரும் சொல்லவில்லை.

ஹால்வர் நெஸ் வீட்டு முற்றத்தில்
காரின் மூக்குக்குப் பின்னால் குந்தியிருந்தேன்,
வடக்கு டகோட்டாவில், பிப்ரவரியில்,
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறில்.
கோரா பின்பக்கம், தானியக் கிடங்கின் மறைவில்.
குளிரில் அவள் வயர்லெஸ் விட்டுவிட்டுக் கேட்டது.

ஃபார்கோவிலிருந்து மகள் அழைத்திருந்தாள்:
அப்பா போன் செய்தார்,
மாடுகளை யாரிடம் விடலாம் என்று கேட்டார்,
பிறகு நன்றி சொன்னார்.
அப்பா நன்றி சொல்கிற ஆளில்லை.
மான் சுடும் துப்பாக்கி சமையலறையில் இருக்கும்,
ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் இடையில்.

முதல் ஒரு மணி நேரம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.
பிறகு எடுத்தார்.
"காருக்குப் பின்னால் யாரு?"
லவோன், என்றேன்.
"எர்லிங் மகளா?"
ஆமாம்.
"கையுறை போட்டிருக்கியா?"
விசைக்கு விரல் வேண்டுமே என்று
வலதுகைக் கையுறையைக் கழற்றிச்
சட்டைக்குள் வைத்திருந்தேன்.
போட்டிருக்கிறேன், என்றேன்.

"இருட்டில் தடுக்கி விழப்போறே.
வாசல் விளக்கைப் போடறேன்."
போடாதீங்க!
என் குரல் எனக்கே யாருடையதோ போலிருந்தது.
வெளிச்சம் வந்தால் நான் தெரிவேன்,
அவர் தெரியமாட்டார்.
உங்கள் இரக்கத்தில் நான் குறியாகிவிடுவேன் என்று
ஒரு மனிதரிடம் எப்படிச் சொல்வது?

போட்டுவிட்டார்.
பனி மஞ்சளானது.
பானெட்டுக்கு மேலே என் மூச்சு எழுந்து
நான் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்தது.
மூச்சை அடக்கினேன்.
எத்தனை நேரம் அடக்க முடியும்.

ஒன்றும் நடக்கவில்லை.
ஒன்றும் நடக்காமலேயே இன்னும் ஒன்றரை மணி நேரம்.

பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே வந்தார்.
கைகள் மேலே. காலில் வெறும் சாக்ஸ்.
என் குரலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வாங்க.
இடது கால். இன்னும் ஒன்று.
படி இருக்கு, பார்த்து.
"மூணு படி," என்றார். "நான் கட்டினதுதான்."

கோரா விலங்கு மாட்டினாள்.
சட்டைக்குள் சூடாயிருந்த கையுறையை
அவர் கையில் போட்டுவிடப் பார்த்தேன்.
விலங்கில் இடித்து நின்றுவிட்டது.
அவர் அதைப் பார்த்தார். பொய்யைப் புரிந்துகொண்டார்.

அறிக்கை ஒரு பக்கம்கூட வரவில்லை.
சுடப்பட்ட குண்டுகள்: இல்லை.
காயம்: இல்லை.

மே மாதம் அவருடைய போனைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.
நல்ல பகல். முற்றமெல்லாம் சேறு.
ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.
தட்டினேன்.
கதவைத் திறந்தவர் நேரே பார்த்தார்:
சாலை, வேலி, இரண்டு மாடுகள்.
ஆள் இல்லை.
பிறகு கழுத்தைத் திருப்பினார்.
பலகைச் சுவரோரம் நான்,
வலது கை வெறுங்கையாக.

ஏன் அங்கே நிற்கிறாய் என்று அவர் கேட்கவில்லை.
ஓரடி நகர்ந்து
அவரும் வாசலை விட்டு விலகி நின்றார்.
உள்ளே வா என்றா,
அல்லது அவருக்கும் பழகிவிட்டதா,
தெரியவில்லை.