பென்சிலில் எழுதியவர்கள்

புந்தா அரேனாஸில் காற்று முற்றும் நாட்களில்
தெருவோரம் கயிறு கட்டிவிடுவார்கள், பிடித்து நடக்க.
அப்படியொரு செவ்வாய்க்கிழமை
நூலகத்தின் பின்னறையில்
ரப்பரோடு உட்கார்ந்திருக்கிறேன்.

என் வேலை இது:
திரும்பி வந்த புத்தகங்களில்
பென்சில் எழுத்தை அழிப்பது.
சமையல் புத்தகங்களில் எண்ணெய்க் கறை, அது போகாது.
கவிதைத் தொகுப்புகள் பெரும்பாலும் சுத்தம்.
கொலைப் புத்தகங்களில்தான்
ஊரே கூடி உட்கார்ந்திருக்கிறது.

இது நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
ஜலசந்திப் படகில் எஞ்சின் பார்த்தவன்
பதினெட்டு வருடம் முன்பு செய்ததும்
ஏன் செய்தான் என்பதும்.
அட்டையில் அவன் கண்கள் மட்டும்.
காத்திருப்போர் பட்டியலில் இருபத்தாறு பேர்.

முதல் அத்தியாயம், பிள்ளைப் பருவம்.
அப்பா இடுப்புவாரைக் கழற்றியதும்
இரவெல்லாம் கோழிக்கூட்டில் பூட்டி வைத்ததும்.
ஓரத்தில் சாய்ந்த கையெழுத்து:
"அங்கேயே தொடங்கிவிட்டது."
அதன் கீழே, பென்சிலை அழுத்தி, வேறொருவர்:
"என்னையும்தான் பூட்டினார்கள்.
நான் பேருந்து ஓட்டுகிறேன்."

இதற்கு மூன்று முறை தேய்க்க வேண்டியிருந்தது.

எண்பதாம் பக்கத்தில் மனநல மருத்துவர் வருகிறார்.
குற்றவுணர்வு என்ற ஒன்றே
இவனுக்குள் முளைக்கவில்லை என்கிறார்.
"அப்படியானால் கையுறை எதற்கு?" சாய்ந்த கையெழுத்து.
"குளிருக்கு." பேருந்துக்காரர்.
சிரித்துவிட்டேன்.
சிரித்த வாயை உடனே மூடிக்கொண்டேன்,
பார்க்க யாருமில்லாவிட்டாலும்.

பச்சைப் பென்சில்காரி
(பெண் என்றே தோன்றுகிறது)
ஒரு சொல்லும் எழுதவில்லை.
அவன் பேசிய இதமான வாக்கியங்களுக்கு மட்டும் அடிக்கோடு.
"களைத்திருப்பாய், உட்கார்."
"கோட்டை என்னிடம் கொடு, நான் மாட்டுகிறேன்."
வேறெங்கும் ஒரு கீறல் இல்லை.
எந்த வீட்டில் கேட்டதை
இங்கே வந்து ஒத்துப் பார்த்தாள்?

தப்பித்துக்கொள்ளத்தான் படிக்கிறோம் என்பார்கள் சிலர்.
திருப்பித் தரும்போது பலர் சொல்வது:
"மூன்று நாளாய்த் தூக்கமே இல்லை,
இதே மாதிரி இன்னொன்று இருக்கிறதா?"
நிபால்தோ, ஓய்வுபெற்ற சிறைக்காவலர், உதட்டைப் பிதுக்குவார்:
"அவ்வளவு ஆழமெல்லாம் கிடையாது அவர்களிடம்.
சூப்பில் உப்பில்லை என்று புகார் எழுதுவார்கள்."
பட்டியலில் அவர் பெயரும் இருக்கிறது.

நானும் படித்தேன், ஒளிப்பானேன்?
இரண்டே இரவில். கதவுத் தாழை எழுந்து எழுந்து பார்த்து.
அவனை வெறுத்தேன். பிறகு புரிந்துகொண்டேன்.
புரிந்ததில் எனக்குள்
மெல்லிய பெருமைகூட.
காலையில் அவன் ரொட்டியை எப்படிப் பிய்ப்பான்
என்பது எனக்குத் தெரியும்.
அவள் என்ன சாப்பிட்டாள் என்று
புத்தகம் சொல்லவில்லை.
எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கடைசி வெற்றுத்தாளில்
நாலு கோடு, குறுக்கே ஒன்று,
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
யாரோ உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள்.
அவன் பெயர், அறுநூற்றுப் பதினொன்று.
ரொசௌரா, முப்பத்தெட்டு.
அதில் பதினான்கு பிரேதப் பரிசோதனை அறையில்.

இந்தப் பொடிக் கையெழுத்தை
முன்பே எங்கோ தாண்டி வந்திருக்கிறேன்.
புரட்டிப் போனேன். இருநூற்றுப் பதினேழு.
"அன்று அவள் மஞ்சள் கோட்டு அணிந்திருந்தாள்."
மஞ்சளின் மேல் ஒரு கோடு. பக்கத்தில்:
"நீலம். கை நீளமென்று
நான்தான் மடித்துத் தைத்தேன்."

ரப்பரை வைத்தேன். எடுத்தேன்.
அச்சு எழுத்து ரப்பருக்கு மசியாது, தெரியும்.
ஆனாலும் அந்த மஞ்சளைத் தேய்த்தேன்,
தாள் நைந்து
மறுபக்கத்து வரி தெரியும் வரை.

முன்மேசையிலிருந்து தனிட்சா கூப்பிடுகிறாள்:
முடிந்ததா, ஆள் வந்து நிற்கிறார்.
கலைந்த தலையும் சிவந்த காதுகளுமாய்
ஒரு பள்ளி ஆசிரியை.
கயிறு பிடித்தே வந்திருக்க வேண்டும்,
உள்ளங்கையில் முறுக்கின் தடம்.
வாங்கி, எடை பார்ப்பதுபோல் ஏந்தி,
கேட்கிறார், ஆசையாய்:
"ரொம்பப் பயமாக இருக்குமா?"