இருபத்துமூன்று கிலோ

கதவைத் தட்டியவர்கள் எல்லோரும்
ஒரு பெட்டி இருக்குமா என்றுதான் கேட்டார்கள்.
மணிசாலெஸில் டிசம்பர் முப்பத்தொன்று இரவு
அப்படித்தான்.
பன்னிரண்டு அடித்ததும் காலிப் பெட்டியோடு
தெருவை ஒரு சுற்று ஓடி வந்தால்
வருகிற வருஷம் பயணம் வாய்க்கும்.

என்னிடம் இருந்தவை இரண்டு.
இரண்டும் நிரம்பியிருந்தன.

ஜனவரி மூன்றாம் தேதி விமானம்.
ஜெர்மனியில் காஸல் என்றொரு ஊர்,
முதியோர் வார்டில் இரவுப் பணி.
விருந்து என்று நான் யாரையும் அழைக்கவில்லை.
மிச்சத்தைத் தீர்க்க வாருங்கள் என்றேன்:
அரிசி, பாதிப் புட்டி ரம்,
நேற்றே எதில்பெர்த்தோவுக்கு விற்றுவிட்ட
குளிர்பதனப் பெட்டியில் இருந்த எல்லாம்.
அவர் அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டு
"மெதுவாக மூடுங்கள், மெதுவாக" என்று
வந்தவர்களை அதட்டிக்கொண்டிருந்தார்.

மரத்தூள் திணித்த பொம்மைக்கு
என் பழைய நர்ஸ் சீருடையை மாட்டினோம்.
போகிற வருஷம் அதுதான்;
தெருமுனையில் வைத்துக் கொளுத்துவோம்.
நோர்மா கான்ஸ்டன்சா என்று பெயர் தைத்த துணியை மட்டும்
கடைசி நிமிஷத்தில் பிரித்து எடுத்துக்கொண்டேன்.
ஏனென்று எனக்கே தெரியாது.

என் தங்கை மார்லேனி
தட்டுகளைக் கழுவிக்கொண்டே இருந்தாள்,
யாரும் சாப்பிடாத தட்டுகளையும்.
யேர்சன் அவளிடம்தான் இருப்பான்.
பதினெட்டு மாதம் என்று தாளில் போட்டிருக்கிறது.

பெட்டியை எடை போட்டு இறக்கிய ஒவ்வொரு முறையும்
அவன் தராசில் ஏறி நின்றான்.
இருபத்தெட்டு.
"அஞ்சு கிலோ கூட இருக்கேன்" என்றான்,
ஏதோ கணக்கில் தோற்றவனைப் போல.
இரவுச் சாப்பாட்டை அவன் தொடவில்லை.
அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் பன்னிரண்டு திராட்சை.
ஏழாவதில் வேண்டுதல் தீர்ந்துபோய்
மிச்சத்தைச் சும்மா விழுங்கினேன்.
சட்டைப்பையில் ஆளுக்கொரு பிடி பருப்போடு
எல்லோரும் சரிவில் இறங்கி ஓடினார்கள்:
பள்ளிப் பையோடு, சந்தைக் கூடையோடு.
எதில்பெர்த்தோ
குளிர்பதனப் பெட்டியின் காய்கறித் தட்டை
உருவிக்கொண்டு ஓடினார்.

நான் ஓடவில்லை.
டிக்கெட் கையில் இருப்பவள்
எதற்கு ஓடுவது?
பொம்மை எரிந்தது; முதலில் கைகள்.

பேக்கரி வழியாகப் போனவர்கள்
மெக்கானிக் கடைப் பக்கமாக
மூச்சிரைக்க ஏறி வந்தார்கள், ஒவ்வொருவராக.
யேர்சனைக் காணோம்.
மார்லேனி ஈரக் கையோடு வெளியே வந்தாள்.

பிறகு பேக்கரிப் பக்கம்
கல்லில் ஏதோ உராயும் சத்தம்.
என் பெரிய பெட்டி.
காலியில்லை, இருபத்துமூன்று கிலோவும் அப்படியே.
அதற்குப் பின்னால், குனிந்து தள்ளிக்கொண்டு
அவன்.

"ஏன்டா தப்பான பக்கமா வர்றே?"

"போறதுக்குத்தான் அந்தப் பக்கம்"
என்று மட்டும் சொல்லிவிட்டு
தண்ணீர் கேட்டான்.

சக்கரம் ஒன்று உடைந்திருந்தது.
எதில்பெர்த்தோ கம்பி கொண்டுவந்து
தெருவிளக்கடியில் உட்கார்ந்து
இறுக்கி இறுக்கிக் கட்டினார்.
"ஊர் போய்ச் சேரும்வரை தாங்கும்" என்றார்.
"மெதுவாக இழுங்கள்."