அம்புக்குறி

தினுஷியின் ஆய்வறிக்கை நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
அதில் மலை எங்குமே இல்லை.
சாய்வுக்கோணம் இருந்தது, துளைநீர் அழுத்தம் இருந்தது,
நாற்பத்தொரு வரைபடம் இருந்தது, ஒவ்வொன்றிலும்
ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று விழும் ஒரு கோடு.

"லயத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும்,
உன்னால் முடியுமா?" என்றாள்.
நான் பாடப்புத்தகத்துக்குத் தவளை வரைகிறவள்.
முடியும் என்றேன். கூலி பேச மறந்துபோனேன்.

மூன்று வாரம்.
மலையைக் கேக் துண்டுபோல் வெட்டி வரைந்தேன்:
மேலே தேயிலை, கீழே செம்மண், அதற்கும் கீழே பாறை.
நடுவில் நீல மையில் நீர்,
மண்மணிகளை ஒன்றின் பிடியிலிருந்து ஒன்றைக்
கழற்றிக் கழற்றிப் புகும் நீர்.
லயத்தின் பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பு, கீழ்நோக்கி.
மண் போகும் திசை.
தினுஷி பார்த்துவிட்டு "பிழையில்லை" என்றாள்.
அதற்கு மேல் அவள் யாரையும் பாராட்டுவதில்லை.

லிந்துலைக்கு மேலே, பாக்குமலைத் தோட்டம், மூன்றாம் டிவிஷன்.
காலைப் பெரட்டு முடிந்து நின்றவர்கள் முன்
படத்தை விரித்துப் பிடித்தோம்.
காற்று ஒரு மூலையைப் பிடுங்கிக்கொண்டே இருந்தது.

முதலில் சிரிப்புத்தான்.
"கூடைக்கயித்த தலையில போடாம
தோள்ல மாட்டியிருக்கா பாரு, வேலைக்குப் புதுசு போல."
"கான் எங்க? கான் வெட்டாம மலையா?"
"லயத்துக்குக் கக்கூசே இல்ல. அது மட்டும் சரி."

ரஞ்சிதமலர் சிரிக்கவில்லை.
கொழுந்துக்கறை படிந்த விரலை அம்பின் மேல் வைத்து
நுனிவரை மெல்ல இழுத்துப் போனாள்.
"வெளங்கிருச்சு.
மல சரிஞ்சா இந்தப் பக்கமா ஓடணும்."

என் அம்பு சரியாகத்தான் இருந்தது.
அதை நம்பினால்
பதினாறு காம்பராவும் சரியாகச் செத்துப்போகும்.

திரும்பும் பஸ்ஸில் நாங்கள் பேசவில்லை.
தலவாக்கலையில் தேத்தண்ணி ஆறுவதற்குள்
அவள் அறிக்கையின் பின்னட்டையில் வரையத் தொடங்கினேன்.
மலையை வெட்டவில்லை இம்முறை.
ஒரு சுவர். சுவரில் ஒரு வெடிப்பு.
திங்கள் அதில் தீக்குச்சி நுழைகிறது.
வியாழன் சீப்பு நுழைகிறது.
ஊற்றுத் தண்ணி பிளேன்டீ நிறமாகிறது.
சனி, கதவு சாத்த மறுக்கிறது.
கழுத்து வெட்டிய சோடாப் போத்தலில்
மழை சிவப்புக் கோட்டைத் தொடும் முன்பே
ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு
பக்கவாட்டில் நடக்கிறாள், பள்ளத்தை நோக்கி அல்ல,
கோயில் மேட்டுக்கு.

"துளைநீர் அழுத்தம் எங்கே?"
"கதவில்."
கொஞ்சநேரம் பார்த்தாள்.
"மரம் ஊறினாலும் கதவு இறுகும்.
வெடிப்பும் சேர்ந்து வளர்ந்தால்தான் என்று சொல்."
இன்னொரு தேத்தண்ணி. இன்னொரு கட்டம்.

ஐப்பசியில் போனபோது
படம் பிள்ளைக் காம்பராச் சுவரில் தொங்கியது.
யாரோ பேனாவால் அதற்குள் ஓர் ஆட்டைக் கட்டியிருந்தார்கள்.
மேட்டுக்குப் போகிறவள் கையில் கயிற்றின் மறுமுனை.

ரஞ்சிதமலர் தன் வீட்டுப் பின்பக்கம் கூப்பிட்டாள்.
வெடிப்பின் ஓரம் நெடுக அடுப்புக்கரிக் கோடுகள்,
ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு தேதி.
ஒரு குச்சி. ஒரு குச்சி. ஒரு குச்சி.
போன செவ்வாய்: ரெண்டு குச்சி.

தினுஷி ஈரத்தில் குந்தி உட்கார்ந்து
எல்லாவற்றையும் தன் கொப்பியில் இறக்கினாள்.
மேலே எழுதினாள்: படம் நாற்பத்திரண்டு.
மூலம்: ரஞ்சிதமலர், ஒன்பதாம் காம்பரா, பின்சுவர்.
பிறகு தீப்பெட்டியைக் கேட்டு வாங்கி
ஒரு குச்சியின் தடிப்பை
அளவுகோலில் வைத்து, இரண்டு முறை, அளந்தாள்.