இடது: உண்டு

டே ஆற்றிலிருந்து மூடுபனி எழுந்து
டண்டீ நகருக்குள் ஏறி வந்த ஒரு செவ்வாய்க்கிழமை
நாற்பத்தேழாம் எண்ணைக் குப்புறத் திருப்பினோம்.

இந்த அறையில் உடம்புக்குப் பெயர் கிடையாது.
எண், வயது, இறந்த மாதம்.
உப்பும் அமிலமும் கலந்த தொட்டியில் மாதக்கணக்கில் ஊறி
மடக்கினால் மடங்குகிறது,
விட்டால் மெல்ல நீள்கிறது
உறங்குகிறவர் கால் போல.
வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதுதான் எனக்குப் பயம்.
விறைத்துக் கிடந்திருந்தால் சீக்கிரம் பழகியிருப்பேன்.

தோலை விலக்கியதும் கெண்டைச் சதை.
"எங்கள் மொழியில் இது ஒரு மீன்" என்றேன் யூவனிடம்.
"சால்மனா?"
"இல்லை, ஆற்று மீன். சின்னது. முள் அதிகம்."
"முள் இருக்கிறதா என்று பார்க்கத்தானே நிற்கிறோம்"
என்று கத்தியை என்னிடம் தந்தான்.

மீனின் வெளிப்பக்கத் தலைக்குள்
நாரோடு நாராக நகர்ந்த என் கட்டைவிரல்
நின்றது.
ஒரு மொச்சை.

லத்தீனிலும் அதைச் சின்ன அவரை என்றுதான் சொல்கிறார்கள்.
அபூர்வமாய் ஒரு விஷயத்தில்
இரண்டு சமையலறைகளும் ஒத்துப்போயின.

நூறு வருடத்துக்கு முன் பத்தில் ஒருவருக்கு இருந்ததாம்.
இப்போது பத்தில் ஏறக்குறைய நாலு பேருக்கு.
குரங்குகளிடம் உண்டு,
வாலில்லாத பெரிய குரங்குகளிடம் அநேகமாக இல்லை,
நம்மிடம் மட்டும் திரும்பி வந்துகொண்டிருக்கிறது
அழைப்பில்லாத விருந்தாளியாக.
நன்றாகச் சாப்பிடுகிறோம், வளர்ந்துவிட்டோம்,
முழங்காலுக்குப் பாரம் கூடிவிட்டது என்கிறார்கள்.
இருக்கலாம்.
யூவனின் ஆய்வேட்டில் "இருக்கலாம்" மட்டும்
அறுபது இடங்களில் வருகிறது.

அளவுகோல் வைத்துப் படம் எடுத்தோம். ஒன்பது மில்லிமீட்டர்.
வலது காலில் ஒரு மணி நேரம் தேடினோம்.
படிவத்தில் எழுதினேன்:
இடது: உண்டு. வலது: இல்லை.

அன்று மாலை பஸ்ஸில்
என் முழங்காலுக்குப் பின்னே விரலை விட்டுத் துழாவினேன்.
எதிர் இருக்கைப் பையன் முறைத்தான்.
இருக்கிற மாதிரி இருந்தது,
அடுத்த நிறுத்தத்தில்
இல்லாத மாதிரியும்.

மே மாதம் நன்றிக் கூட்டம்.
உடம்பைக் கொடுத்துப் போனவர்களின் வீட்டார்
கோட்டு போட்டுக்கொண்டு வருவார்கள்.
பெயர்கள் வாசிக்கப்படும், எண்கள் கிடையாது.
எந்தப் பெயர் எந்த எண் என்று எனக்குத் தெரியாது,
தெரிந்துகொள்ளவும் கூடாது.

தேநீர் மேசையில் எஃபி கெடஸ் என்ற அம்மாள்
கேட்காமலே பேசத் தொடங்கினார்.
வீட்டுக்காரர் தபால்காரர்.
ஹில்டவுன் ஏற்றத்தில் முப்பத்தோரு வருடம்.
"நாலு மாடி. லிஃப்ட் இல்லை.
படியேறினால் இடது கால் மட்டும் சத்தம் போடும்.
மூன்றாவது மாடியில் கேட்டதும் கெட்டிலைப் போடுவேன்,
கதவு திறக்கும்போது தண்ணீர் கொதிக்கும்.
டாக்டர் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றார்.
ஒன்றுமில்லைதானே?"

பத்தில் நாலு பேர்,
நான் மனதுக்குள் எண்ணினேன்.
இந்தக் கூடத்தில் வாசித்த முப்பத்தெட்டுப் பெயரில்
பதினைந்து பேருக்காவது.
அதில் இடது மட்டும் என்றால்?
என் கட்டைவிரல் கணக்குப் போடவில்லை.
அது பிஸ்கட்டுக்கு அடியில்
எதையோ உருட்டிக்கொண்டிருந்தது.

ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் வரவில்லை,
உண்டு என்று சொல்ல உரிமை இல்லை.
கேட்கத்தான் முடிந்தது:
"எப்படிச் சத்தம் போடும்?"

கோப்பையைச் சாசரில் வைத்தார்.
நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுத்தார்.
டக்.
பாதிரியார் திரும்பிப் பார்த்தார்.

"இல்லை, இவ்வளவு பலமாக இல்லை" என்று
தானே திருத்திக்கொண்டு,
கண்ணை மூடி
இன்னொரு முறை.