மார்ச் மூன்று

நிஸ்வா சாலையிலிருந்து விலகி
பிர்கத் அல் மௌஸுக்குள் நுழைந்தால்
ஃபலஜ் வாய்க்காலை ஒட்டிய முதல் பேரீச்சையிலேயே
என் கருவி தொங்குகிறது.
வெள்ளைத் தட்டுகளை அடுக்கிய கூடு.
பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை
சூட்டை எழுதிக்கொள்ளும்.

துபாஸ் என்கிறார்கள் இங்கே.
அரிசி மணியளவு பச்சைப் பூச்சி.
ஓலைக் காம்புக்குள் முட்டையைச் செருகிவிட்டுச் செத்துப்போகும்.
முட்டைக்குக் காலண்டர் தெரியாது,
கூட்டத் தெரியும்.
குளிர் விலகிய ஒவ்வொரு நாளின் வெப்பத்தையும்
சீட்டுப் பணம்போலக் கட்டிக்கொண்டே வந்து
தொகை நிறைந்த அன்று
வெளியே வந்து உறிஞ்சத் தொடங்கும்.

அந்தத் தொகையைக் கண்டுபிடிக்க எனக்குச் சம்பளம்.
மஸ்கட்டில் குளிரூட்டிய அறை,
பன்னிரண்டு வருட விமான நிலைய வெப்பநிலை,
திரையில் ஒரு வளைகோடு.
ஏறும், இன்னும் ஏறும்,
முப்பத்தைந்தைத் தாண்டியதும்
கால் வழுக்கியதுபோல் விழும்.
பொரிக்கும் நாள்: மார்ச் மூன்று
என்றது.
அறிக்கையில் எழுதினேன்.
தோட்டக்காரர் ஹிலாலிடம் சொன்னேன்.
மருந்தடிக்கும் பிச்சைக்கனியிடமும் சொன்னேன்,
கேட்டான் என்பதற்காக.

அவன் கேட்டது பூச்சிக்காக அல்ல.
வாலிநோக்கத்தில் வீடு தளம்வரை வந்திருந்தது.
காங்கிரீட் போடும் அன்று கூட நிற்க வேண்டும்,
கம்பியைக் கண்ணால் எண்ண வேண்டும்.
பிப்ரவரி இருபத்தொன்று போக,
மார்ச் இரண்டு வர.
என் வளைகோட்டை நம்பி
உலகத்தில் ஒருவன் டிக்கெட் எடுத்திருந்தான்.

இருபதாம் தேதி காலை
தோளைத் தொட்டுப் பார்த்தான்.
சட்டை பிசுபிசுத்தது.
மரத்தடியில் விரித்திருந்த காகிதங்களில்
தேன்பொட்டுகள்.
ஒரு சதுரத்தில் நாற்பத்தொன்று எண்ணினேன்,
அதற்குமேல் எண்ணவில்லை.
ஹிலால் வானத்தைப் பார்த்தார்,
பிறகு பிச்சைக்கனியைப் பார்த்தார்.
யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தளம் அவனில்லாமல் போடப்பட்டது.
மச்சான் போனைப் பிடித்துச் சுற்றிக் காட்டினான்.
பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள்,
அதில் ஒரு காகம் குளித்துக்கொண்டிருந்தது.
"மேலே நல்லாத்தான் இருக்கு மேடம்.
உள்ளே எத்தனை கம்பின்னு
இனி யாருக்குத் தெரியும்?"

பிழையைத் தேட எனக்கு ஒரு மாதம் ஆனது.
நான் பகலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
கூடியிருந்தது இரவு.
ஒன்பது பாகைக்கு இறங்கி
என் சமன்பாட்டில் சுழியமாய்க் கிடந்த இரவுகள்
இப்போது பதினைந்தில் நிற்கின்றன.
தூங்கும் நேரத்திலும்
சீட்டு கட்டிக்கொண்டிருந்திருக்கிறது முட்டை.
ஓடுதளத்துத் தார்ச்சாலையின் வெயிலை வைத்து
தோப்பின் இருட்டைக் கணித்திருக்கிறேன்.

அவன் சட்டையையும் பெரிதாகச் சொல்லிவிட முடியாது.
இலையுதிர்காலத் தலைமுறையும் முந்தி வரும் என்று
பந்தயம் கட்டினான்.
மூன்று வாரம் பிந்தி வந்தது.
பந்தயத்தில் தோற்ற பிரியாணியை
பாதி நான்தான் சாப்பிட்டேன்.

"அடுத்த வருஷம் என்னைக்கு?"
பிப்ரவரி ஒன்பதுக்கும் இருபத்தாறுக்கும் நடுவில், என்றேன்.
நூற்றுக்கு எண்பது நம்பிக்கை.
"அப்படி டிக்கெட் எவன் தருவான் மேடம்?"

ஜூலையில் போகலாமே,
முட்டைகள் காம்புக்குள் கோடைத்துயில் கொள்ளும் மாதம்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
ஜூலை அறுவடை.
மதியம் பன்னிரண்டரைக்கு
மூன்று மணிநேர நிழல் உண்டு சட்டப்படி.
பூச்சிக்கு மூன்று மாதம்.

காகிதங்களை மாற்றினேன்.
அவன் இடுப்புக் கயிற்றை இறுக்கிக்கொண்டு
அடுத்த மரத்தில் கால் வைத்தான்.
இன்னும் விடியவில்லை.
கூட்டுக்குள் கருவி பதினாறு புள்ளி இரண்டு என்றது.
நேற்று இதே நேரம்
பதினைந்து புள்ளி எட்டு.