இருநூற்று மூன்று தசம் நாலு

வெள்ளவத்தை, காலி வீதி,
சேலைக் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை
ரக்சிக் கொம்பனியின் ரேடியோ என் கையில்.
"ஏழாம் நம்பர், எங்க நிக்கிறீங்கள்?"
"தெஹிவளைப் பாலத்தடியில, கப்டன்."

கப்டன் என்று பெயர் வைத்தது
ஏழாம் நம்பர் ஜெயரூபன் அண்ணைதான்.
முதல் கிழமை ஒரு வண்டி இலக்கத்தைச்
சி-ஏ-பி என்று சொல்லாமல்
சார்லி அல்ஃபா பிராவோ என்றேன்.
"சார்லி ஆர் தங்கச்சி, புது டிரைவரோ?"
சொன்னேன், ஆர் நான் என்று.
அன்றிரவு எட்டு வண்டியும் சிரித்தது.
அடுத்த நாள் ஒருவரும் சிரிக்கவில்லை.
அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

என் பறப்புப் பதிவேட்டில்
இருநூற்று மூன்று தசம் நாலு மணித்தியாலம்.
அந்தத் தசம் நாலும் அப்பாவின் காசு.
மருந்துக் கொம்பனியில் இருபத்தாறு வருசம்
அவர் சேர்த்த சேமலாப நிதி
இரத்மலானை ஓடுபாதையில்
ஒரு நாளைக்கு ஒன்றரை மணித்தியாலமாக எரிந்தது.
இடையில் டொலர் ஏறியது,
எண்ணெய் இல்லை என்றார்கள்,
ஐந்து மாதம் செஸ்னா
தார்ப்பாய்க்குக் கீழே நின்றது.
நானும்தான்.

உரிமப் பத்திரம் வந்த அன்று
அம்மா மாடி மாடியாய்க் கேக் கொண்டுபோனா.
"இனி எந்த பிளேன்?"
மூன்றாம் மாடி மிஸிஸ் பீரிஸ் கேட்டா.
நல்ல கேள்வி.

நைரோபி: ஐந்நூறு மணித்தியாலம் வேண்டும்.
ஹனோய்: ஆயிரத்து ஐந்நூறு.
காத்மாண்டு: எங்கள் பிள்ளைகளுக்கே இல்லை, மன்னிக்கவும்.
மற்ற அறுபத்தொரு கடிதத்துக்கும் பதிலே இல்லை.
ஜகார்த்தா முகவர் ஒருவன் மட்டும்
'அன்புள்ள கப்டன்' என்று தொடங்கினான்.
நாற்பதாயிரம் டொலர் கட்டினால்
வலப்பக்க ஆசனத்தில் இருத்துவானாம், ஒரு வருசம்.

பைத்தியம் தெளிந்தால்தான் கலியாணம்,
கலியாணம் நடந்தால்தான் பைத்தியம் தெளியும்
என்பார்களே.
பறந்தவளுக்குத்தான் வேலை.
வேலை உள்ளவளுக்குத்தான் பறப்பு.

எங்கள் வகுப்பில் ஆறு பேர்.
இம்தாத் தோஹாவில்
விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும் வண்டி ஓட்டுகிறான்.
"பைலட்டுக்கு முதல் நான்தான் அசைக்கிறன்"
என்று குரல் அனுப்பினான்,
சிரிப்புப் பாதியில் அறுந்திருந்தது.
சசிந்துவுக்கு மெல்பனில் மாமா.
அங்கே பயிற்றுநராகி மணித்தியாலம் சேர்க்கிறான்.
மாமா இல்லாதவர்களைப் பற்றி
விதிப்புத்தகத்தில் அத்தியாயம் கிடையாது.

பதினொன்றுக்கும் இரண்டுக்கும் இடையில்
எல்லா அழைப்பும் கட்டுநாயக்காவுக்கு.
தாதிமார், மேசன்மார், கனடா மாப்பிள்ளைக்குப் போகும் பெண்,
பிளாஸ்திரி சுற்றிய கருவாட்டுப் பொதி.
எல்லாரையும் நான்தான் அனுப்புகிறேன்.
என் கையால் பிளேனைத் தவறவிட்டவர்
இதுவரை ஒருவருமில்லை.

தொண்ணூறு நாளில் மூன்று தரம்
ஏறி இறங்கியிருக்க வேண்டும்,
இல்லையென்றால் பயணியை ஏற்றக் கூடாது.
நான் கடைசியாக இறங்கி
இருநூற்றுப் பதினேழு நாள்.
மருத்துவச் சான்றிதழ் ஆனியோடு முடிகிறது.
உண்டியலில் இருப்பது
நாற்பது நிமிடத்துக்கும் காணாது.

விடிய வேலை முடிந்து
கடற்கரைத் தண்டவாளத்தோடு நடக்கும்போது
தலைக்கு மேலே ஒரு மாணவன்.
தெற்கே திரும்பப் பிந்திவிட்டான்,
மூக்கு ஒரு பக்கம், போவது இன்னொரு பக்கம்.
வலது காலை அழுத்து, அழுத்து, கொஞ்சம்.
என் செருப்பு மணலுக்குள் புதைந்திருந்தது.

நேற்று இரவு ஏழாம் நம்பருக்கு
வாய் தவறிக் கோபுரத்தின் குரலில் சொன்னேன்:
காற்று இருநூற்று நாற்பது, பன்னிரண்டு நொட்,
இறங்க அனுமதி.

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
பிறகு ஜெயரூபன் அண்ணை:
"இறங்கீட்டன் கப்டன்.
ஆள் இன்னும் வெளியில வரேல்ல,
ஹோர்ன் அடிக்கட்டோ?"