ஒன்றும் ஊற்றாதீர்கள்

மே பிறந்தால் எங்கள் கடைக்குத்
தண்ணீர் வரத் தொடங்கும்.
வெள்ளரி ஊறிய ஜாடியில், ஷாம்பு புட்டியில்,
மேப்பிள் பாகு தீர்ந்த தகரக் குப்பியில்.
ஒருமுறை குழந்தையின் பால்புட்டியில்,
ரப்பர் காம்போடு.

ஷாவினிகனில் பனி கரைந்து மூன்று வாரம்.
கொல்லைக் குளங்கள் உறை களைகின்றன.
உறைமேல் தேங்கிய கறுப்பு நீரைச்
சின்னப் பம்பு உறிஞ்சி
வேலியோரம் துப்புகிறது.
அடியில் இலைக்கூழ், ஒரு டென்னிஸ் பந்து,
விலாசம் தப்பி வந்த தவளை.

ஒரு மேசை, நாலு சொட்டுக் குப்பி, ஒரு வண்ண அட்டை.
பத்தொன்பது வயதில் நான் பார்க்கும் வைத்தியம் இது.
முதலில் காரத்தன்மை, அப்புறம் பி.எச்.,
கடைசியில்தான் குளோரின்,
வரிசையை மாற்றாதீர்கள் என்பேன்.
தலையாட்டிவிட்டுப் போய் மாற்றுவார்கள்.
பச்சையைக் கண்ட பயம் அப்படி.

செவ்வாய்க்கிழமை நோர்மான் திபோடோ
மூன்றாம் முறையாக வந்தார்.
ஜாடிக்குள் தண்ணீர் இருக்கிறதா என்று
சாய்த்துப் பார்க்க வேண்டியிருந்தது,
அத்தனை தெளிவு.
"பூஜ்யம். நாலு நாளாகப் பூஜ்யம்.
ஊற்ற ஊற்றப் பூஜ்யம்" என்றார்,
ஏமாற்றப்பட்டவர் குரலில்.

சொட்டு விட்டேன்.
நிறம் மாறவில்லை.
இல்லை, மாறியது:
கண் இமைப்பதற்குள் ஓர் இளஞ்சிவப்பு
தலையை நீட்டிவிட்டு
உள்ளே போய்விட்டது.

எத்தனை கேன் ஊற்றினீர்கள்?

"இரண்டு."

கடைக் கதவு திறந்திருந்தது.
வாசலில் நின்ற காரின் கண்ணாடி இறங்கியது.
"பதினொன்று!"

அது சொலாஞ்ச். இடுப்பெலும்பு மாற்றி ஆறு வாரம்.
இருபத்தாறு வருடமாகக் குளம் திறந்தவள்
இந்த வருடம் சமையலறை ஜன்னலில் நின்று
எண்ண மட்டும் செய்திருக்கிறாள்.
முதலில் காரத்தைப் பார் என்று அவள் சொன்னபோது
இவர் ரேடியோவைக் கூட்டி வைத்தாராம்.
உள்ளே வரமாட்டாளாம்.
"அந்தப் பெண் சொன்னால் கேட்பார், கேட்கட்டும்!"
சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு நாய் குரைத்தது.

அவர் தண்ணீர் ஒரு பங்கு,
வடித்த தண்ணீர் நான்கு பங்கு.
மறுபடி சொட்டு.
குழாய் முழுக்கச் சிவந்தது,
அவர் காதுகளும்.

மிஞ்சிப்போனால் குளோரின்
தன்னைக் காட்டிக்கொடுக்கும் நிறத்தையே
தின்றுவிடும், ஐயா.
ஒன்றும் இல்லாததற்கும்
ஏகமாய் இருப்பதற்கும்
அட்டையில் ஒரே வெள்ளை.

"சரி, இதற்கு என்ன வாங்கணும்?"
பர்ஸ் ஏற்கெனவே திறந்திருந்தது.

எங்கள் கடையில் விற்காத சரக்கு அது ஒன்றுதான்.
ஒன்றும் ஊற்றாதீர்கள்.
உறை போடாதீர்கள்.
வெயில் படட்டும்.
"எத்தனை நாள்?"
வெயிலைத்தான் கேட்க வேண்டும்.

முதலாளி ரோக், அலமாரிக்குப் பின்னாலிருந்து
அர்த்தத்தோடு இருமினார்.

வெறுங்கையோடு போக மனமில்லாமல்
இலை அள்ளும் வலை ஒன்று வாங்கினார்,
கம்பு பன்னிரண்டு அடி.

கண்ணாடி வழியே பார்த்தேன்.
கார் ஜன்னலில் குனிந்து
ஒரு விரல் காட்டினார், பிறகு நான்கு,
பிறகு இரண்டு கைகளாலும் ஏதோ வெடிப்பதுபோல்.
அவளுக்கு இதெல்லாம் தெரியும்.
தெரியும் என்பது எனக்கும் தெரியும்.
கடைசி வரை குறுக்கிடாமல் கேட்டாள்.

அதன் பிறகு கம்பு காருக்குள் நுழையவில்லை என்று
இருவரும் பலமாகச் சண்டை போட்டார்கள்.
கிளம்பும்போது அது அவள் ஜன்னல் வழியே
பாதிக்குமேல் வெளியே நீண்டிருந்தது.
ஒரு கையால் பிடித்திருந்தாள்,
வலை காற்றில் உப்பியது.

அடுத்தவர் ஜாடியை மேசைமேல் வைத்தார்.
பட்டாணி சூப்பின் நிறம்.
"குளோரின் கொடுங்கள்" என்றார்,
உட்காருவதற்கு முன்பே.